தலைக்கவசமும் சட்டமும்

'எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்பது நம் நாட்டுப் பழமொழி. கை ஒடிந்தால் கட்டுக் கட்டி ஆற்றலாம்; கால் போயின் மரக்கால் பொருத்தி நடக்கலாம்; மூளை சிதைந்தால் அதற்கு ஈடாக வைக்கத்தக்கது வேறொன்றும் இல்லை. இதனை அறியாதார் எவரும் இலர். அறிந்திருந்தும், மோட்டார் சைக்கிளில் ஏறுவோர் தலைக்கு ஒரு காப்பு அணிந்துகொள்ள வேண்டும் என்று அரசு ஆணையிட்டால், எந்த நாடாயினும் அங்கே ஒரு வழக்கு எழுந்துவிடுகிறது. "என் தலை, என் விருப்பம், இதில் அரசுக்கு என்ன வேலை?" என்று ஒரு சாரார் கேட்கின்றனர். "உன் தலை உடைந்தால் உன்னைத் தூக்கிச் செல்வோர் யார்? உன் வீட்டில் அழுவோர் யார்?" என்று மற்றொரு சாரார் கேட்கின்றனர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு இது. இதில் என் மனம் எப்பக்கம் சாய்கிறது என்பதையும், எவ்விடத்தில் சாயாமல் நின்றுவிடுகிறது என்பதையும் மறைக்காமல் எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒரு வரலாறு. முதல் உலகப்போரின்போது துருக்கியரை எதிர்த்து எழுந்த அரபு மக்களோடு பாலைவனத்தில் இருந்து போரிட்டவர் தாமஸ் எட்வர்டு லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அவரை அழைத்தது. போருக்குப் பின்னர் அவர் புகழை வெறுத்து ஒதுங்கி வாழ்ந்தார். ஆனால் மோட்டார் சைக்கிளை மட்டும் அவரால் வெறுக்க இயலவில்லை. 'பிரஃப் சுப்பீரியர்' என்னும் விலையுயர்ந்த வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு முறை வாங்கினார். எட்டாவது வண்டிக்கும் சொல்லி வைத்திருந்தார்.

1935 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் நாள், தென் இங்கிலாந்தில் டார்செட் என்னும் பகுதியில், தம் சிறு வீட்டை நோக்கி அவர் வண்டியில் வந்துகொண்டிருந்தார். அச்சாலை இடையிடையே தாழ்ந்தும் உயர்ந்தும் செல்வது. மிதிவண்டியில் சென்ற சிறுவர் இருவரை அவர் மிக அண்மையில் வந்த பின்னரே கண்டார். அவர்கள்மீது மோதாமல் இருக்கும்பொருட்டு வண்டியைச் சட்டென்று திருப்பினார், தூக்கி எறியப்பட்டார். சிறுவர் இருவரும் உயிர் பிழைத்தனர். லாரன்ஸ் தலையில் அடிபட்டு நினைவிழந்தார். ஆறு நாட்கள் அந்நிலையிலேயே கிடந்து, 19 ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 46. அவர் தலையில் கவசம் இல்லை. அக்காலத்தில் பந்தயக்காரரைத் தவிர வேறு எவரும் அதனை அணிவது வழக்கமில்லை.

லாரன்ஸைக் காண அழைக்கப்பெற்ற மருத்துவருள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்பவர். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்; மூளை அறுவை மருத்துவத்தில் அந்நாளில் தலைசிறந்த ஆசானாக விளங்கிய ஹார்வி குஷிங் என்பவரிடம் அமெரிக்காவில் பயின்றவர்; பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியர் ஆனவர். இத்துணைக் கல்வியும் லாரன்ஸைக் காப்பாற்ற உதவவில்லை. மூளை நைந்த பின்னர் மருத்துவன் செய்யத்தக்கது மிகச் சிறிது. நைவதற்கு முன்னர் செய்யத்தக்கதோ மிகப் பெரிது. இவ்வுண்மை கெய்ர்ன்ஸின் உள்ளத்தில் வேரூன்றியது.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியது. இரவில் விளக்கை மறைத்து ஓடும் வண்டிகளும், செய்தி கொண்டு விரையும் படைத்தூதர்களும் பிரிட்டனின் சாலைகளில் மிகுந்தனர். போரின் முதல் 21 மாதங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவரும் பின்னால் அமர்ந்து சென்றவருமாக 2,279 பேர் அந்நாட்டுச் சாலைகளில் மாண்டனர். பகைவரின் குண்டினால் அன்று, சாலையினால். கெய்ர்ன்ஸ் இக்கணக்கை எடுத்து, அடிபட்டோரின் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1941 ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைக்கவசம் அணிந்திருந்து தலையில் அடிபட்டவராக அவர் கண்டது ஏழு பேரைத்தான். எழுவரும் பிழைத்துக்கொண்டனர். ஏழு என்பது சிறிய எண்தான். அதனைக் கெய்ர்ன்ஸும் அறிவார். ஆயினும் அந்த ஏழு அவரைச் சும்மா இருக்க விடவில்லை. அடுத்த மாதமே, பணியின்போது வண்டி ஓட்டும் படைவீரர் அனைவரும் கவசம் அணியவேண்டும் என்று பிரிட்டிஷ் தரைப்படை ஆணையிட்டது. போர் முடிந்தபின் 1946 இல் அவர் மீண்டும் கணக்கெடுத்துக் காட்டினார்; சாவு குறைந்திருந்தது.

இனி வியப்பைக் கேளுங்கள். படைவீரருக்கு 1941 இல் வந்த விதி, பொதுமக்களுக்கு வருவதற்கு 1973 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓடின. கெய்ர்ன்ஸ் 1952 இலேயே மறைந்துவிட்டார். அவர் பிறந்த ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலம் 1961 இல் உலகிலேயே முதன்முதலாக மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அனைவருக்கும் இவ்விதியைக் கொணர்ந்தது. படைவீரனுக்கு ஆணையிட ஒரு திங்கள் போதும். குடிமகனுக்கு ஆணையிட ஒரு தலைமுறை வேண்டும். இத்தாமதத்தைக் குறையென்றே கொள்ளுதல் சரியன்று. குடிமகன் 'ஏன்?' என்று கேட்பான்; கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. அவனுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

கவசம் எவ்வாறு காக்கிறது என்பதைச் சிறிது பார்ப்போம். பலர் அதன் வெளி ஓட்டின் கடினமே காக்கிறது என்று எண்ணுகின்றனர். கடினம் வேண்டியதுதான். கூரிய கல் நேரே தைக்காமல் தடுப்பதும், அடியைப் பரப்பிவிடுவதும் ஓட்டின் வேலை. ஆனால் உயிரைக் காப்பது பெரும்பாலும் அதன் உள்ளே இருக்கும் மெத்து. நாம் தெர்மாகோல் என்று வழங்கும் பொருளின் நெருக்கமான வகை அது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும் பொருள் தரையை அடையும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம் பெற்றுவிடுகிறது. ஆகவே, வண்டி நின்றுகொண்டிருக்கும்போது சாய்ந்து விழுந்தாலும் தலை அவ்வேகத்தோடுதான் தரையில் மோதும். வெறும் மண்டையோடு மோதினால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் அவ்வேகம் முழுவதும் அடங்கவேண்டும். மண்டையோடு நின்றுவிடும், உள்ளே மிதக்கும் மூளையோ நில்லாமல் ஓட்டின் உட்சுவரில் மோதும். மெத்து இடையில் இருந்தால் அது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுக்கும். நிற்கும் தொலைவு பத்து மடங்கானால் தாக்கும் விசை பத்தில் ஒன்றாகிவிடும். பௌதிக வகுப்பில் இக்கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நசுங்கிய மெத்து மீண்டும் எழாது. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியலாகாது என்பர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம் முன்னோர் உவமையாகச் சொன்னது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மையாகிறது.

2008 ஆம் ஆண்டில் 61 ஆய்வுகளை ஒருங்கே வைத்து அளந்து பார்த்த அறிஞர், கவசம் அணிவதால் மோட்டார் சைக்கிள் விபத்தில் சாகும் இடர் நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயம் நேரும் இடர் நூற்றுக்கு 69 பங்கும் குறைகின்றன என்று கண்டனர். எனவே, கவசம் பயனுடையதா என்பதில் இன்று வழக்கில்லை. பயனுடையதைச் செய்க என்று ஒருவனைக் கட்டாயப்படுத்தலாமா என்பதே வழக்கு.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞர் 1859 இல் எழுதிய சுதந்திர நூலில் ஒரு கொள்கையை நிலைநாட்டினார். பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்கு மட்டுமே ஒருவனை அரசு கட்டுப்படுத்தலாம். அவனுடைய சொந்த நன்மையின்பொருட்டுக் கட்டுப்படுத்துதல் கூடாது என்பது அக்கொள்கை. கவசச் சட்டத்தை எதிர்ப்போர் யாவரும், மில்லைப் படித்தவராயினும் படியாதவராயினும், இக்கொள்கையின்மீதே நிற்கின்றனர். அமெரிக்காவில் 1968 இல் மிச்சிகன் மாநில நீதிமன்றமும், 1969 இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றமும் கவசச் சட்டம் செல்லாது என்றே தீர்ப்பளித்தன. இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய மாநிலங்களில் வயது வந்தோர் வெறுந்தலையோடு மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுக்கும் சட்டம் இன்றும் இல்லை.

பிரிட்டனில் ஃபிரெட் ஹில் என்னும் முதியவர் ஒருவர் இருந்தார். சட்டம் வந்த பின்னர் அவர் கவசத்தை விடுத்துத் துணித்தொப்பி ஒன்றை அணிந்தே வண்டி ஓட்டினார். பிடித்தனர், தண்டம் விதித்தனர், கட்ட மறுத்தார். சிறைக்கு அனுப்பினர், வெளியே வந்து மீண்டும் துணித்தொப்பியோடு ஓட்டினார். இவ்வாறு பலமுறை சிறை சென்ற அவர், 1984 ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் 74 ஆம் வயதில், லண்டன் பென்டன்வில் சிறையிலேயே இறந்தார். அவருடைய கொள்கை எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அவரை எள்ளி நகையாட என் மனம் இசையவில்லை. தம் வசதிக்காக ஒரு விதியை மீறி, காவலரைக் கண்டதும் ஓடி ஒளிபவர் அல்லர் அவர். மீறினேன், தண்டியுங்கள் என்று நின்றவர். அத்தகையோர் இருப்பதனால்தான் சட்டம் இயற்றுவோர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்கின்றனர்.

அவருக்கு நான் சொல்லக்கூடிய விடை என்ன? 1972 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எழுந்த ஒரு வழக்கில், நடுவர்கள் இவ்வாறு சிந்தித்தனர்: அடிபட்டு விழுந்தவனைச் சாலையிலிருந்து எடுப்பதும் சமுதாயம், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும் சமுதாயம், அவன் பிழைத்து முடமானால் அவனையும் அவன் குடும்பத்தையும் தாங்குவதும் சமுதாயம். இத்தனையும் செய்யும் சமுதாயத்தைப் பார்த்து, 'என் தலை உனக்கு உரியதன்று' என்று அவன் எவ்வாறு கூறமுடியும்? இவ்விடை வலிமையுடையதுதான். நம் நாட்டில் இதன் வலிமை இன்னும் மிகுதி. இங்கே மோட்டார் சைக்கிள் பொழுதுபோக்குக் கருவியன்று. பிழைப்புக்கு உரிய வண்டி. பால் கொண்டுசெல்பவரும், கொத்தனாரும், மின்வேலை செய்பவரும், உணவுப் பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞரும் அதன்மேல்தான் நாள் முழுதும் இருக்கின்றனர். ஒரு தலை வீழ்ந்தால் நான்கு வயிறுகள் வாடும்.

ஆயினும் இவ்விடையை நான் அளவோடுதான் ஏற்பேன். பிறருக்குச் செலவு நேர்கிறது என்ற ஒன்றையே காரணமாகக் கொண்டால், அளவுக்கு மீறி உண்பதையும், மலையேறுவதையும், கடலில் நீந்துவதையும்கூடச் சட்டத்தால் தடுக்கலாமே! அப்படிப்பட்ட நாட்டில் வாழ எனக்கு விருப்பமில்லை.

எனக்கு நிறைவு தரும் விடை வேறொன்று. கவசம் அணியாமல் செல்வோரை நான் பலமுறை உற்றுநோக்கியிருக்கிறேன். சிலரிடம் கேட்டும் இருக்கிறேன். "என் சுதந்திரத்தை விட்டுக்கொடேன்" என்று மறுமொழி கூறியவர் ஒருவரும் இலர். "அடுத்த தெருவிற்குத்தானே போகிறேன்" என்பர். "புழுக்கம் தாங்கவில்லை" என்பர். "முடி கொட்டுகிறது" என்பர். ஒருவர், "பின்னால் வரும் வண்டியின் ஒலி காதில் விழாது" என்றார். (நம் ஊர்ச் சாலைகளில் ஒலிப்பானின் ஓசை காதில் விழாமல் போகுமானால் அது பெரும்பேறு என்றே நான் கருதுவேன்.) இவர்களுள் எவரும் தலை உடையவேண்டும் என்று விரும்புபவர் அல்லர். கவசம் நல்லது என்பதையும் மறுப்பவர் அல்லர். இவர்களுடைய விருப்பத்திற்கும் இவர்களுடைய செயலுக்கும் இடையே நிற்பது கொள்கையன்று, சோம்பல். எனவே, கவசச் சட்டம் ஒருவனுடைய விருப்பத்தை முறிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவனே விரும்பியும் செய்யாமல் விட்டதைச் செய்விப்பதாகவே தோன்றுகிறது. 2007 ஆம் ஆண்டு டிசம்பர் 15 ஆம் நாள் வியட்நாமில் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மோட்டார் சைக்கிள் நிறைந்த அந்நாட்டில் ஏறக்குறைய எல்லாத் தலைகளிலும் சில நாட்களுக்குள் கவசம் ஏறிவிட்டது. கொள்கையால் எதிர்ப்போர் பலராக இருந்திருந்தால் அவ்வாறு நிகழ்ந்திராது.

கொள்கையால் எதிர்ப்போர்க்குச் சட்டம் வழிவிட்ட இடமும் உண்டு. சீக்கியருக்குத் தலைப்பாகை உடையன்று, சமய நெறி. பிரிட்டன் 1976 இல் தனிச்சட்டம் இயற்றித் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்களித்தது. இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129 ஆம் பிரிவும் அவ்விலக்கை அளிக்கிறது. தலைப்பாகை கவசத்திற்கு ஈடாகாது என்பதை மருத்துவர் அறிவர். சட்டம் செய்தோரும் அறிந்தே செய்தனர். அது சரியே என்பது என் கருத்து.

மிதிவண்டிக்கு வருவோம். இங்கேதான் என் மனம் சாயாமல் நிற்கிறது. விக்டோரியா மாநிலம் 1990 இல் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் கவசத்தைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா முழுவதும் சில ஆண்டுகளில் அதனைப் பின்பற்றியது. 1994 இல் நியூசிலாந்தும் சேர்ந்தது. அங்கே எழுந்த வாதம் இன்றும் ஓயவில்லை. கவசம் தலையைக் காக்கிறது என்பர் ஒரு சாரார். கட்டாயத்திற்கு அஞ்சிப் பலர் மிதிவண்டியையே விட்டுவிடுவர். அதனால் இழக்கும் உடல்நலம் பெரிது என்பர் மறுசாரார். நெதர்லாந்து நாட்டினரோ வேறு வழியில் சென்றனர். 1970 களில் குழந்தைகள் பலர் கார்களால் மாண்டது கண்டு அந்நாட்டுப் பெற்றோர் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தனர். தலைக்குக் கவசம் கேட்டு அன்று. மிதிவண்டிக்குத் தனிப் பாதை கேட்டு. இன்று அங்கே பாட்டியும் பேரனும் வெறுந்தலையோடு மிதிவண்டியில் செல்கின்றனர்.

வேகம் நான்கு மடங்கானால் இயக்க ஆற்றல் பதினாறு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டர் செல்லும் மிதிவண்டியையும் 60 கிலோமீட்டர் செல்லும் மோட்டார் சைக்கிளையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையன்று. நம் மாநிலத்தில் மேல்நிலை வகுப்பு மாணவியர் பலர் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில்தான் பள்ளிக்கு வருகின்றனர். அம்மிதிவண்டி வந்திராவிட்டால் படிப்பை நிறுத்தியிருப்போர் சிலர் இருக்கக்கூடும். அச்சிறுமியைச் சாலையில் நிறுத்தி, 'உன் கவசம் எங்கே?' என்று காவலர் கேட்பதை நான் விரும்பவில்லை. அவள் செல்லும் சாலையோரத்தில் லாரியிடமிருந்து அவளைப் பிரிக்கும் பாதை எங்கே என்று யாரேனும் கேட்டால் மகிழ்வேன். அவளாக விரும்பிக் கவசம் அணிந்தால் அதனினும் மகிழ்வேன்.

மோட்டார் சைக்கிளில் எனக்கு இந்தத் தயக்கம் இல்லை. 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசின் கணக்குக் கூறுகிறது. அவர்களுள் தலைக்கவசம் அணியாமல் மாண்டோர் 50,029 பேர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 137 பேர்! கவசம் இருந்திருந்தால் இவர்கள் அனைவரும் பிழைத்திருப்பர் என்று சொல்வது மிகையாகும். மேலே கூறிய ஆய்வின்படி கணக்கிட்டால் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் பிழைத்திருப்பர். அந்த 50,029 பேருள் 14,337 பேர் வண்டி ஓட்டியவரே அல்லர். பின்னால் அமர்ந்து சென்றவர்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையை ஒட்டி 2015 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் இவ்விதி கடுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்த நாட்களில் கடைகளில் கவசம் வாங்க மக்கள் முண்டியடித்தனர். 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தண்டத்தை 1,000 ரூபாயாக உயர்த்தியது. ஆனால் கவசம் இன்று எங்கே இருக்கிறது என்று சற்று நின்று பாருங்கள். சிலர் அதனை முழங்கையில் வளையல்போல் மாட்டியிருக்கின்றனர். சிலர் பெட்ரோல் தொட்டியின்மேல் வீற்றிருக்கச் செய்கின்றனர். சிலர் கண்ணாடியில் தொங்கவிட்டு, காவலர் நிற்கும் திருப்பம் வந்ததும் எடுத்துக் கவிழ்த்துக்கொள்கின்றனர். தலையில் அணிந்தவருள்ளும் மோவாயின் கீழ் வாரைப் பூட்டாதவர் பலர். பூட்டாத கவசம் தலை தரையைத் தொடுமுன்னரே கழன்று உருண்டோடிவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கவசங்களைச் செய்வதும் விற்பதும் 2021 ஆம் ஆண்டு ஜூன் முதல் தடுக்கப்பட்டுள்ளன. இருந்தும் சாலையோரத்தில் மலிவான ஓடுகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் பலவற்றில் மெத்து இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சு இருக்கிறது. அவை தண்டத்திலிருந்து மட்டும் காப்பன.

இன்னொன்று. கணவர் முன்னால் கவசத்தோடு அமர்ந்திருப்பார். மனைவி புடவையோடு ஒருபுறமாகக் கால்போட்டு வெறுந்தலையோடு பின்னால் அமர்ந்திருப்பார். இருவருக்கும் இடையில் ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும். மில்லின் கொள்கை தெளிந்த அறிவுடைய வளர்ந்தோருக்கே உரியது; குழந்தைக்கு அது பொருந்தாது என்று மில்லே எழுதியிருக்கிறார். நான்கு வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் கவசம் அணியவேண்டும் என்பது சட்டம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளும் தம் தலைக்குப் பொருந்தும் கவசம் அணியவேண்டும், அவர்களை ஓட்டுபவரோடு இணைக்கும் வார்ப்பட்டை இருக்கவேண்டும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தை மீறலாகாது என்னும் மத்திய அரசின் விதி 2023 ஆம் ஆண்டு பிப்ரவரி 15 முதல் நடப்பில் உள்ளது. சென்ற திங்கள் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் குழந்தைகளுக்குரிய கவசம் உண்டா என்று நான்கு கடைகளில் கேட்டேன். மூன்று கடைகளில் இல்லை என்றனர். நான்காவது கடைக்காரர், "இதுவரை யாரும் கேட்டதில்லை ஐயா, அளவு சொன்னால் சென்னையிலிருந்து வரவழைத்துத் தருகிறேன்" என்றார்.